மணல், சிலேட்டு, ஸ்மார்ட் போர்டு: வகுப்பறையில் எதற்கு எது?

சென்னை எழும்பூரில் 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒரு விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளி அது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது அங்கே பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் குதிரையில் போகிற வழியில் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பெல் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி வைத்து, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் தமிழை 'மலபார்' என்று எழுதுவது வழக்கம். பெல்லின் குறிப்பிலும் அது மலபார்ப் பள்ளிக்கூடம்தான்.

திரும்பி வந்து, இதையே செய்து பாருங்கள் என்று தன் பள்ளி ஆசிரியரிடம் சொன்னார். நடக்காது என்றார் அவர். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, இந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நீ மணலில் எழுத்து சொல்லிக்கொடு என்றார். அவன் செய்து காட்டினான். அதிலிருந்து பள்ளி முழுக்கவே பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு வளர்ந்தது. 1797இல் லண்டனில் பெல் இதை அச்சிட்டு வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரோடு அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது, மணல் தட்டு இங்கிலாந்தில் பள்ளித் தளவாடம் ஆனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

வகுப்பறையில் தொழில்நுட்பம் எவ்வளவு இருக்கலாம் என்று பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது, மரபு நம்முடையது என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். மணல் தட்டும் ஒரு காலத்தில் ஏற்றுமதியான தொழில்நுட்பம்தான். சிலேட்டு, கரும்பலகை, அச்சிட்ட பாடநூல் எல்லாமே ஒரு நாள் புதிதாக வந்து, ஏற்கெனவே இருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தவை. பனையோலையை ஒதுக்கிவிட்டுத்தான் காகித நோட்டு வந்தது.

அந்த மணலை நல்ல கருவியாக்கியது எது என்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பிள்ளை சும்மா இருக்க முடியாது. விரல் எழுத வேண்டும், எழுதியதைக் கண் பார்க்க வேண்டும். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், தப்புக்கு விலை இல்லை. இரண்டாவது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆசிரியரோ, சட்டாம்பிள்ளையோ, யாரோ ஒருவர் 'சுழியைச் சரியாப் போடு' என்று அந்த நொடியிலேயே சொல்கிறார். எந்தக் கருவி வகுப்புக்குள் வந்தாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் அதை எடைபோடுகிறேன்: பிள்ளை என்ன செய்கிறது? அது செய்வதை யார் பார்க்கிறார்கள்?

நன்னூல் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்வதை ஒருவன் எவ்வளவு நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது 'காற்கூறு'தான், கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேர்கிறது என்கிறார் பவணந்தி முனிவர். பெல் எழும்பூரில் கண்டுகொண்டதும் அந்த அரைப் பங்கைத்தான் என்று நினைக்கிறேன்.

மரபைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் உட்காரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. பிரம்பும் தண்டனையும் அன்றாடம். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று என்று எண்சுவடியைத் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகள் வியக்கவைத்தார்கள், உண்மைதான். அந்தப் பயிற்சி யாருக்குக் கிடைத்தது, யார் அழுதுகொண்டே அதைக் கற்றார்கள் என்பதும் அதே மரபின் பகுதிதான். பழைய வகுப்பறையை அப்படியே மீட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதில் நல்லதாக இருந்த பயிற்சியை மட்டும் பிரித்தெடுத்து எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

கொடுத்தோம், அப்புறம்?

தமிழ்நாடு கல்விக் கருவிகளுக்குச் செலவு செய்யத் தயங்கிய மாநிலம் இல்லை. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அந்தக் கணினியில் டைப் அடிக்கப் பழகி, கல்லூரி புராஜெக்ட் செய்து, வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையில் இருந்த ஒரு கூச்சத்தை அது உடைத்தது. அந்த அளவில் அது பெரிய காரியம்.

ஆனால் வகுப்பறை மாறியதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. பிளஸ் டூ தேர்வு பேனாவும் தாளும்தான். பாடத்தை மடிக்கணினியோடு கோத்து நடத்த ஆசிரியருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. கணினி வீட்டில் இருந்தது, பாடம் பள்ளியில் நடந்தது, இரண்டுக்கும் அறிமுகமே இல்லை.

பெரு நாட்டிலும் இதுதான் நடந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகளாவிய திட்டத்தில் மிக அதிகமாகக் கணினி வாங்கிய நாடு அது. 8 லட்சத்துக்கும் மேல். 300க்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் வித்தியாசமே இல்லை. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். பொதுவான சிந்தனைத் திறனில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. பாடத்தில் ஒன்றும் நிகழவில்லை.

இங்கே அடுத்தடுத்து வந்தவற்றையும் பார்க்கலாம். 2018இல் புதிய பாடநூல்கள் க்யூ.ஆர். குறியீட்டோடு வந்தன. கைப்பேசியைக் காட்டினால் காணொளி ஓடும். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஹைடெக் லேப்கள் வந்தன. சமீப ஆண்டுகளில் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சுமார் 23 ஆயிரம் ஸ்மார்ட் வகுப்பறைகளும், ஆசிரியர்கள் கையில் கிட்டத்தட்ட 80 ஆயிரம் கையடக்கக் கணினிகளும் திட்டமிடப்பட்டு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. சின்ன ஊர் அரசுப் பள்ளியின் சுவரில் ஸ்மார்ட் போர்டைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. தனியார் பள்ளி விளம்பரத் தட்டியில் மட்டும் பார்த்த பொருள் நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது.

அதில் என்ன ஓடுகிறது என்பதைப் பார்த்தால்தான் கவலை வருகிறது. பெரும்பாலும் காணொளி. ஆசிரியர் நின்று பேசிய இடத்தில் திரை நின்று பேசுகிறது. பிள்ளை அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் முதல் கேள்விக்குப் பதில் மாறவே இல்லை. இரண்டாவது கேள்வியில் நிலைமை மோசமாகவே ஆகிறது. ஆசிரியர் பேசும்போது கடைசி பெஞ்சில் ஒரு முகம் சுருங்கினால் நிறுத்திக் கேட்பார். காணொளி நிறுத்தாது.

டெல்லியில் பலித்தது ஏன்?

கணினி வைத்துப் படித்தால் பலனே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் முடியாது. டெல்லியில் நடந்த ஓர் ஆய்வை இந்தத் துறையில் உள்ளவர்கள் அடிக்கடி குறிப்பிடுவார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹான்ட்ரோ கனிமியன் ஆகியோர் செய்தது, 2019இல் வெளியானது. அரசுப் பள்ளிகளில் படிக்கும் 619 நடுநிலை மாணவர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதியைப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மையத்துக்கு வரவைத்தார்கள். அங்கே 45 நிமிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் தனித்தனியாகப் பயிற்சி, 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு படிப்பு.

முதலில் எல்லாரையும் சோதித்தபோது கிடைத்த தகவலே அதிர்ச்சியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. அதாவது பாடநூல் ஒன்பதாம் வகுப்பில் நிற்கிறது, பிள்ளை நாலு, ஐந்தில் நிற்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் என்ன எழுதினாலும் அந்தப் பிள்ளைக்கு அது வேற்று மொழிதான்.

மென்பொருள் செய்தது எளிய காரியம். பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கொடுத்தது. சரியாகச் செய்தால் ஒரு படி மேலே. தப்பாகச் செய்தால், எந்த மாதிரியான தப்பு என்று பார்த்து அதற்கான விளக்கம். நாலரை மாதத்தில் இந்தப் பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு முன்னேறினார்கள். மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கு நிறையவே கைகொடுத்தது.

இதில் ஒரு சோகமும் உண்டு. அதே பிள்ளைகள் பள்ளியில் எழுதிய கணக்குத் தேர்வில் இந்த முன்னேற்றம் சரியாகத் தெரியவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புக் கழித்தலிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கு ஏறியிருக்கிறான். பள்ளித் தேர்வோ எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைக் கேட்கிறது. அவன் ஏறிய படிகளைப் பார்க்க அந்தத் தேர்வுக்குக் கண் இல்லை.

பெருவில் பலிக்காத கணினி டெல்லியில் பலித்ததற்கு இயந்திரத்தின் விலையோ வேகமோ காரணம் இல்லை. பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலை ஏதோ ஒன்று கவனித்து அடுத்த கேள்வியை மாற்ற வேண்டும். மணலில் விரல் வைத்த பிள்ளைக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை நின்ற மாதிரிதான். கூடவே அந்த மையத்தில் ஒரு மனிதரும் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மின்சாரமே இல்லாமலும் இதைச் செய்து பார்த்த மாநிலம்தான் நம்முடையது. ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு அட்டையை எடுத்து, கற்றல் ஏணியில் தன் படி எதுவோ அதிலிருந்து பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை வைத்து, ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கினார்கள். டெல்லியில் மென்பொருள் செய்ததை இங்கே அட்டைகள் செய்யப் பார்த்தன. ஆனால் முப்பது பிள்ளை முப்பது படியில் நிற்கும்போது ஒரே ஆசிரியர் எத்தனை பேரைப் பார்ப்பார்? அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. முறை மெதுவாகத் தேய்ந்தது. அந்த யோசனை மட்டும் சாகவில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல் கொடுத்தது அதே யோசனையின் தொடர்ச்சிதான்.

மாலை ஐந்து மணி வகுப்பு

கொரோனா காலம் நம் எல்லாருக்கும் ஒரு பெரிய சோதனைக்கூடமாக ஆகிவிட்டது. விரும்பி வைத்த சோதனை இல்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. நடுவில் இருந்தது திரை மட்டும்தான்: கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடம், கைப்பேசி இருந்த வீட்டில் ஆன்லைன் வகுப்பு.

அதன் விளைவைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளிடம் அளந்தார்கள். 2021 டிசம்பரில் எடுத்த கணக்குப்படி, கொரோனாவுக்கு முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. இது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடன் வாங்கிக் கழித்தலை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கவும் விளையாடவும் வைத்தார்கள். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், வீட்டு வாசல் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கையில் ஒரு கரும்பலகை, சில சார்ட், கொஞ்சம் பாட்டு.

திண்ணை திரும்ப வந்தது என்று சொல்லலாம், ஆனால் இந்தத் திண்ணையில் சாதி கேட்கவில்லை, பிரம்பு இல்லை, சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அதே நேரம் தன்னார்வலர்களைச் சேர்த்தது, பதிவு செய்தது, பாடப்பொருள் அனுப்பியது எல்லாம் கைப்பேசி வழியாகத்தான். இரண்டு லட்சம் பேரைச் சில மாதத்தில் ஒருங்கிணைக்க வேறு வழியும் கிடையாது. தொழில்நுட்பம் பின்னால் நின்று ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது, பிள்ளைக்கு முன்னால் ஒரு மனுஷி உட்கார்ந்தார். கருவிக்கும் ஆளுக்கும் இடையே இவ்வளவு சரியான வேலைப் பிரிவினையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கை எழுதும்போது

இனி எழுத்துக்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்படும் இடம் இது.

தமிழ் எழுதக் கற்பது வெறும் வடிவத்தைப் பழகுவது இல்லை. கொம்பு முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். 'கொ' எழுதும்போது கொம்பு போட்டு, க எழுதி, கால் போட வேண்டும். வாய் ஒன்றைச் சொல்ல, கை அதை மூன்றாகப் பிரித்து அடுக்குகிறது. அப்புறம் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. 'பள்ளி' என்று காதில் கேட்டதும் எந்த ள என்று முடிவு செய்வது பிள்ளையின் வேலை. சொல்வதை எழுதுதல் என்று நம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் நடந்த பயிற்சி இந்த முடிவெடுக்கும் பழக்கத்தைத்தான் வளர்த்தது.

கைப்பேசி விசைப்பலகையில் 'palli' என்பதற்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் பள்ளி, பல்லி இரண்டும் வரிசையாக வந்து நிற்கும். விரலால் ஒன்றைத் தொட்டால் போதும். பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. நானும் இப்படித்தான் தட்டுகிறேன். எழுத்து கற்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கோ, கற்க வேண்டிய முடிவையே இயந்திரம் எடுத்துவிடுகிறது. என் வீட்டுப் பிள்ளை 'வணக்கம்' என்று பிழையில்லாமல் செய்தி அனுப்பும். தாளில் எழுதச் சொன்னால் ந போடுவதா ண போடுவதா என்று என் முகத்தைப் பார்க்கும்.

கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் தட்டச்சு செய்வதைவிட அதிகமாக இணைந்து வேலை செய்கின்றன என்று நார்வேயில் 36 பேரைக் கொண்டு செய்த சோதனை ஒன்று 2024இல் வெளியானது. சின்னச் சோதனை, அதிலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தது, ஆகவே அதன் மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. வாசிப்பைப் பற்றிய சான்று இன்னும் உறுதியானது. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தகவல் நிறைந்த பாடத்தைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது வித்தியாசம் கூடியது. கதை வாசிப்பில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அறிவியல் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கட்டும், கதையைக் கைப்பேசியில் படித்தால் குடி முழுகிவிடாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது மாதிரியான கவலைகளால்தான் ஸ்வீடன் 2023இல் தன் பாதையைத் திருப்பியது. பள்ளிகளைக் கணினிமயமாக்குவதில் முன்னணியில் இருந்த நாடு, அச்சிட்ட பாடநூல் வாங்கப் பள்ளிகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது. சின்ன வகுப்புகளில் கையெழுத்துக்கும் அமைதியான வாசிப்புக்கும் நேரத்தைக் கூட்டச் சொன்னது. நம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் விலையில்லாப் பாடநூலும் நோட்டும் ஏற்கெனவே ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருக்கின்றன. ஸ்வீடன் திரும்பத் தேடிப்போகும் ஒன்றை நாம் இன்னும் தொலைக்கவில்லை.

திரை வெல்லுகிற இடங்களையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். இதயத்தில் ரத்தம் எந்த அறையிலிருந்து எதற்குப் போகிறது, நிலா ஏன் தேய்கிறது என்பதைச் சாக்பீஸால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அசையவைக்க முடியாது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, உருவம் மாறினாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180ஆகவே நிற்பதைப் பார்க்கிற பிள்ளை அதை எளிதில் மறக்காது. பார்வையற்ற மாணவர்களுக்கு இதெல்லாம் வசதி என்ற கணக்கிலேயே வராது. தமிழைப் படித்துக் காட்டும் மென்பொருள் உள்ள ஒரு கைப்பேசிதான் அவர்களுக்குப் பாடநூல், நூலகம், நோட்டு எல்லாம். 'வகுப்பில் கைப்பேசி கூடாது' என்று ஒரே வரியில் சட்டம் போடுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகிவிட்டது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி அதே கருவியைக் கட்டுப்படுத்திக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. கருவி ஒன்றுதான். ஒரு குழுவில் பிள்ளைக்குப் பதிலாக அது யோசித்தது, மற்றதில் பிள்ளையை யோசிக்க வைத்தது. வீட்டில் எழுதி வரச் சொல்லும் கட்டுரைக்கு இனி அவ்வளவு மதிப்பு இருக்காது. எழுதி வந்ததைப் பற்றி வகுப்பில் நிறுத்தி வாய்மொழியாக நாலு கேள்வி கேட்கும் பழைய வழக்கத்துக்கு மதிப்பு கூடப்போகிறது.

ஆசிரியரின் நேரம்

கருவிகளைப் பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் காணாமல் போகிறவர் ஆசிரியர். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளமான எமிஸில் வருகைப்பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, மாணவர் விவரம், இணையவழி மதிப்பீடு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனதை ஆசிரியர் சங்கங்கள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து தின்பது, ஒரு பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தை. தொழில்நுட்பம் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். தகவல் மேலே போவதற்கே அந்த நேரம் செலவாகிறது என்றால், பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் விடுப்பில் போனாலோ கூட்டத்துக்குப் போனாலோ ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இங்கே ஸ்மார்ட் போர்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. நாலாம், ஐந்தாம் வகுப்புக்குத் திரையில் ஒவ்வொரு கணக்காக வரட்டும். காணொளி வேண்டாம், கேள்விகள் போதும். பிள்ளைகள் சிலேட்டில் விடை எழுதி உயர்த்திப் பிடிக்கட்டும். விடை திரையில் தெரிந்ததும், சரியாகப் போட்டவர் பக்கத்தில் தப்பாகப் போட்டவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு இருபது நிமிடம் அந்தப் பக்கம் ஓடும். அந்த இருபது நிமிடத்தில் ஆசிரியர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, இன்னும் 'ழ' வராத பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கலாம். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும், உயர்ந்து நிற்கும் சிலேட்டுகளில் எத்தனை பேர் கடன் வாங்க மறந்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும்.